வழியா, வரப்பா

செஞ்சியில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எனக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிட்டது. பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒரு அம்மா, "மல்லாட்ட, சூடா மல்லாட்ட" என்று கூவிக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் என்னவென்று கேட்டேன்.

"இன்னாம்மா, மல்லாட்ட தெரியாதா? எந்த ஊரு நீ?"

"ஈப்போ. மலேசியா."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, பொட்டலத்தைக் கையில் திணித்தார். பிரித்தால் அவித்த வேர்க்கடலை. நாங்கள் கச்சாங் என்போம். அதே உப்பு, அதே ஈரத் தோல். பேரைத் தவிர எல்லாம் தெரிந்த பொருள்தான்.

எனக்குச் செஞ்சியில் உறவு என்று யாரும் இல்லை. என் முன்னோர் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். நான் வந்த காரியம் வேறு. ஈப்போவில் ஒரு கல்லூரியில் பேச்சுக்கலை கற்பிக்கிறேன். பழைய கிரேக்கர்கள் வகுத்துவைத்த சொல்வன்மைக் கலை இன்றைய கோட்பாடுகளுக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது என் ஆய்வு. ஆறு வருடமாக எழுதுகிறேன், முடியவில்லை. போன மாதம் என் நெறியாளர் கடைசி இயலைத் திருப்பிக் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒருவர் பேசி இன்னொருவர் மனம் மாறியதை நீ நேரில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். யோசித்தேன். எத்தனையோ பேச்சுப்போட்டிகளில் கோப்பை கொடுத்திருக்கிறேன். மனம் மாறியதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இதை இணையக் கருத்தரங்கு ஒன்றில் பழக்கமான வசந்தாவிடம் சொன்னேன். செஞ்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். "காந்தி ஜெயந்திக்கு எங்க ஊர்ல கிராம சபை. நான் பேசப் போறேன். வந்து பாருங்க அக்கா" என்றாள். வந்துவிட்டேன்.

அன்று மதியமே தன் ஸ்கூட்டரில் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மலையும் கோட்டையும் வழியெல்லாம் கூடவே வந்தன. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்; அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வல்லம் தாண்டி ஒரு மண் சாலையில் திரும்பினோம். ஊர் முடிந்து, கொஞ்சம் வெட்டவெளி, அப்புறம் காலனி. வசந்தாவின் அம்மா கேழ்வரகுக் களியை உருட்டி, கருவாட்டுக் குழம்பை நடுவில் ஊற்றினார். களியை மென்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "கடிக்காத கண்ணு. அப்பிடியே முழுங்கு" என்றார். தொண்டைக்குள் சூடான உருண்டையாக இறங்கியது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வசந்தா என்னைக் கழனிப் பக்கம் கூட்டிப்போனாள். காலனிக்கும் காலனியின் இடுகாட்டுக்கும் நடுவில் ஏழுமலை என்பவரின் நிலம் இருக்கிறது. எழுபது சென்ட். அதன் கரையோரமாகத்தான் பல காலமாகச் சவம் தூக்கிப் போவார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் காட்டுப்பன்றி வருகிறதென்று அவர் கல் நட்டு முள்கம்பி கட்டினார். ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் வாய்க்கால். இப்போது ஒற்றை ஆளாகத்தான் நடக்க முடியும்.

அவள் ஒரு கல்லின் அருகில் நின்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"போன ஐப்பசி மழைல எங்க நைனா போனாரு. பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்ல, நான் வரல. அண்ணன் வந்து எங்கிட்ட சொல்லி அழுதான். கை கம்பில மாட்டிக்கிச்சாம். பாடை சாஞ்சிடுச்சி அக்கா. நைனா கம்பிக்கு அந்தப் பக்கம் சேத்துல உழுந்துட்டாரு."

நான் அவள் தோளைத் தொட்டேன். எங்கள் ஊரில் சவ வண்டி வீட்டு வாசலுக்கு வரும், நேராக மின்தகன மேடையில் போய் நிற்கும். ஒரு மனிதனை அவனுடைய கடைசி இடத்துக்குக் கொண்டுபோவது இத்தனை கஷ்டமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை மண்டகப்பட்டுக்குப் போனோம். ஒரே பாறையைக் குடைந்த குகைக் கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்தது என்று பல்லவ மன்னன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். "இல்லாததச் சொல்லியே பெருமை அடிச்சிக்கிறாரு பாருங்க" என்று வசந்தா சிரித்தாள். குகைக்குள் குளுமையாக இருந்தது. தூணோரம் உட்கார்ந்து மறுநாள் பேச்சைப் பற்றிப் பேசினோம்.

நம்ப வைப்பதற்குக் கிரேக்கர்கள் சொன்ன மூன்று துணைகள் அவளுக்கு எம்.ஏ.விலேயே தெரியும்: பேசுகிறவரின் குணம், கேட்கிறவரின் உணர்ச்சி, சொல்லுகிற நியாயம். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் இன்றைய பாடநூல்கள் அந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குப் பின்னால் வந்த ஆசிரியர்கள், ஒரு தகராறு எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் வைத்தார்கள். அது அவளுக்குப் புதிது. நான் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்: நடந்ததா? நடந்ததற்கு என்ன பெயர்? அது சரியா? இதைத் தீர்மானிக்க இது இடமா?

"நம்ம தகராறு எதுல முட்டுது அக்கா?"

"மூன்றாவதில். கம்பி கட்டியது சரியா, இல்லையா."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு, விடுதி அறையில் உட்கார்ந்து நானே ஒரு பேச்சு எழுதினேன். யாரும் கேட்கவில்லை, ஒரு ஆர்வம். ஐப்பசி மழையில் தொடங்கினேன். சேறு, கம்பியில் மாட்டிய கை, சாய்ந்த பாடை, மண்ணில் கிடந்த முகம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆறு வருடத்தில் நான் எழுதிய நல்ல பக்கம் அதுதான் என்று நினைத்தேன்.

மாலை நாலு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் அவளிடம் கொடுத்தேன். முதல் பத்தியைப் படித்தவள் டீயைக் கீழே வைத்தாள்.

"இத யாரு எழுதச் சொன்னாங்க?"

"கேட்கிறவர்கள் மனசில் இரக்கம் வரணும் வசந்தா. அதற்கு இதைவிட..."

"இரக்கப்பட்டு வழி உடணுமா? நாளைக்கி இரக்கம் போயிட்டா?"

அவள் குரல் இறங்கியது.

"எங்க அம்மா மொத வரிசைல உக்காந்திருப்பாங்க. நைனா உழுந்தது அவங்களுக்குத் தெரியாது அக்கா. ஒரு வருசமா காலனி ஆம்பளைங்க அத்தினி பேரும் வாயத் தொறக்கல. நீங்க மைக்குல சொல்லச் சொல்றீங்க."

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். இரண்டு டீயும் ஆறிப்போயின. என்னிடம் நம்பிச் சொன்ன ஒன்றை நான் சரக்காக எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "காலைல எட்டு மணிக்கு ரெடியா இருங்க" என்று மட்டும் பதில் வந்தது.

காந்தி ஜெயந்தியன்று அமாவாசையும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கு வந்த வசந்தாவின் ஸ்கூட்டர் விடுதி வாசலிலேயே பஞ்சர். பேருந்து நிலையத்துக்கு ஓடினோம். நின்ற பேருந்துகள் எல்லாவற்றிலும் மேல்மலையனூர் என்று எழுதி ஒட்டியிருந்தது. அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம், எலுமிச்சையும் வேப்பிலையுமாகப் படியில் தொங்கியது. வசந்தாவின் ஊர்ப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸும் அங்கேதான் போய்விட்டது என்றார் நேரக்காப்பாளர். பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதே கால் ஆகிவிட்டது.

அப்போது குட்டி யானை என்று இங்கே சொல்கிற சிறு சரக்கு வண்டி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பந்தல் துணியும். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், சபைக்கா? ஏறுங்க. லேட்டாயிடுமோன்னு டென்சன் ஆவாதீங்க. சேரே எங்கிட்டதான் இருக்குது, நான் போனாத்தான் கூட்டம்."

நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வல்லம் தாண்டினோம். அப்புறம் நான், "தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"எழுதினது நல்லா இருந்துச்சி அக்கா" என்றாள் அவள். "அதான் பயமா இருந்துச்சி."

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டங்களில் கோப்பியும் பலகாரமும் முதலில் வரும், சண்டை பிறகு வரும். இங்கே முதலில் சண்டை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலை. காலனிக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வசந்தாவின் அம்மா மட்டும் நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஊராட்சித் தலைவரான பெண்மணி பெயரைக் கூப்பிட்டதும் வசந்தா எழுந்தாள். கையில் மனு நகல்கள். எத்தனை தலைமுறையாக அந்தக் கரையில் போகிறார்கள், எந்தெந்த அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள்.

ஏழுமலை எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, காலில் காய்ந்த சேறு.

"டீச்சர் சொல்றது எல்லாம் சரி. ஆனா அது வழி இல்ல. வரப்பு. என் கழனி வரப்பு. பத்திரத்துல பாரு."

"நாங்க காலங்காலமா போற வழி அது" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"வரப்புல நடந்தா அது வழி ஆயிடுமா?"

"வழிதான்!"

"வரப்புதான்!"

பந்தல் முழுக்க அந்த இரண்டு சொற்கள்தான் பறந்தன. நான் தப்பாகச் சொல்லியிருந்தேன். தகராறு மூன்றாவது கேள்வியில் இல்லை, இரண்டாவதில் இருந்தது. அதற்கு என்ன பெயர்? வசந்தாவிடம் சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்தேன். அவள், கேள்விகளின் மை மங்கியிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மனுக்களை நாற்காலியில் வைத்தாள்.

"ஏழுமலை அண்ணே" என்றாள்.

கூட்டம் அடங்கியது. அவள் அம்மா அவரை இதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். காலனியில் எல்லோரும் அப்படித்தான். ஏழுமலையும் ஒரு கணம் திகைத்தார். ஆனால் முகம் சுளிக்கவில்லை.

"வரப்புன்னே வெச்சிக்கலாம் அண்ணே. நான் ஒத்துக்கறேன். அந்த வரப்புல எத்தினி பேரு பக்கத்துல பக்கத்துல நடக்கலாம்?"

"ஒருத்தரு."

"பாடைய எத்தினி பேரு தூக்கணும்?"

கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பாதியைச் சொல்லி மீதியைக் கேட்பவரிடமே விட்டுவிடுவதைப் பற்றி நான் ஒரு முழு இயல் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை அவர்களே முடித்துக்கொள்ளும்போது அது அவர்களுடைய எண்ணமாகவே ஆகிவிடும் என்பது கிரேக்கர் கண்டது. அந்த இயலில் நான் எழுதாதது, அந்த இடைவெளி எவ்வளவு நேரம் நீளும், அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி மூச்சு முட்டும் என்பது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஏழுமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் பாத்தேன்" என்றார். "அன்னிக்கி நான் பம்பு செட்டுலதான் இருந்தேன். உங்க நைனா எங்க கழனி சேத்துல உழுந்தாரு. ஓடியாந்து ஒரு கை குடுத்திருக்கலாம். நான் கட்டின கம்பியாச்சேன்னு பயந்துனு உள்ளயே நின்னுட்டேன். எறங்கி வரல."

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் வரிசையில் அவள் அம்மா மெதுவாகத் திரும்பினார். ஏழுமலையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"உழுந்தாரா?"

வசந்தா போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். "ஆமாம்மா."

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

ஏழுமலைக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, அவங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். தலைவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா வாங்கிக் குடித்தார். அழவில்லை. மகளின் தலையில் ஒரு கையை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஏழுமலை உட்காரவில்லை. "நான் கெட்டவன் இல்ல டீச்சர். எனக்கு இருக்கறதே எழுபது சென்ட்டு. வழின்னு எழுதிட்டா நாளைக்கி சிமென்ட்டு ரோடு போடுவாங்க. டிராக்டரு ஓடும், லாரி ஓடும். அப்புறம் என்னுதுன்னு சொல்ல இன்னா இருக்கும்? கம்பிய எடுத்துடறேன். கல்ல உள்ள தள்ளி நட்டுக்கறேன். ஆனா வழின்னு மட்டும் எழுதாதீங்க."

தீர்மானப் புத்தகத்தை வைத்திருந்த ஊராட்சிச் செயலர் பேனாவோடு விழித்தார். "அப்ப இன்னான்னுதான் எழுதறது? வழியா, வரப்பா?"

பழைய கூச்சல் திரும்பத் தொடங்கியது. அம்மா உட்கார்ந்தபடியே பேசினார். மைக் இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டும் எழுத வேணாம். நாலு பேர் போற அகலம்னு எழுது."

செயலர் ஏழுமலையைப் பார்த்தார்.

"எழுதிக்கப்பா" என்றார் அவர். "வண்டி ஓடக் கூடாதுன்னும் எழுது."

"எழுதுங்க" என்றாள் வசந்தா.

கைகள் உயர்ந்தன. வருவாய் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளந்து, மேலே ஒப்புதல் வாங்கினால்தான் இது செல்லும் என்று செயலர் சொன்னார். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் டீயும் பிஸ்கட்டும் வந்தன.

அன்று மாலை நெறியாளர் தொலைபேசியில் கேட்டார்: "பார்த்தாயா?"

"பார்த்தேன். ஆனால் யார் யாரை மாற்றினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை."

இன்றைய கோட்பாட்டாளர்கள் கிரேக்கர் தந்ததை வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்திருக்கிறார்கள். வெல்வதைவிட, பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரில் ஒருவர் தம்மைக் காண்பதுதான் முக்கியம் என்கிறார்கள் சிலர். கேட்பதும் ஒரு கலை என்கிறார்கள் வேறு சிலர். யாருக்குப் பேச இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கிறார்கள் இன்னும் சிலர். அந்தக் கேள்வி கிரேக்கர் நூல்களில் இல்லை. அவர்களுடைய சபையில் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கும் இல்லை. வசந்தா பேசியிருக்க முடியாது. முதல் வரிசை நாற்காலியில் அவள் அம்மா உட்கார்ந்திருக்கவே முடியாது. இதையெல்லாம் சொன்னேன். "எழுது" என்றார் அவர். எழுதலாம். ஆனால் அந்த அம்மாவின் முகத்தை எழுதுவதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும் என்று இந்த முறை தோன்றியது. இரண்டு பேரிடமும் கேட்டேன். "என் பேர வேற பேரா போட்டுக்கங்க" என்றாள் வசந்தா. போட்டிருக்கிறேன். அம்மா, "உள்ளத எழுது" என்றார்.

நான் புறப்பட வேண்டிய நாள் காலையில், கம்பி எடுக்கிறார்கள் என்று வசந்தா வந்து கூப்பிட்டாள். போனபோது அவள் அண்ணன் சேகரும் ஏழுமலையும் கடப்பாறையோடு நின்றார்கள். ஒருவர் கல்லை ஆட்ட, மற்றவர் பிடித்து இழுத்தார். ஆறாவது கல் வெளியே வந்தபோது, காலனிப் பக்கமிருந்து வசந்தாவின் அம்மா வருவது தெரிந்தது. பின்னால் இரண்டு பெண்கள்.

அவர் கரையோரம் நின்று நிலத்தைப் பார்த்தார். நாற்று நட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன, தண்ணீர் நின்றது.

"எந்த எடம்?" என்று கேட்டார்.

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். ஏழுமலை கடப்பாறையைக் கீழே போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அன்று இறங்காத கழனிக்குள் இப்போது இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில், தன் நாற்றுகளை மிதித்துக்கொண்டு கரையை ஒட்டியே நாலைந்து எட்டு நடந்து, ஒரு இடத்தில் நின்றார்.

"இங்கம்மா."

அம்மா அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மகளின் கையைப் பிடித்தார்.

"வா. நைனாவப் பாத்துட்டு வரலாம்."

"அம்மா, பொம்பளைங்க அங்க..."

"வா."

மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இடுகாட்டை நோக்கி நடந்தார்கள். சேகர் கொஞ்சம் தயங்கி, அவர்களுக்குப் பின்னால் போனான்.

ஏழுமலை கழனியிலிருந்து ஏறி வந்தார். பிறகு அறுத்துப்போட்ட முள்கம்பியின் ஒரு முனையை எடுத்து என்னிடம் நீட்டி, "கைய கிழிச்சிடும், பாத்துப் புடிம்மா" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார்.